பட்டைத் தொட்டியும் இரும்புக் காப்பும்

தோல் பதனிடும் எங்கள் ஷாப்பில் இன்றைக்கும் ஒரு மூலையில் சில பட்டைத் தொட்டிகள் ஓடுகின்றன. மற்றதெல்லாம் டிரம்மும் மோட்டாரும் ஆகிவிட்டது. மரப்பட்டையில் பதப்படுத்திய தோல்தான் வேண்டும் என்று எப்போதாவது ஆர்டர் வந்தால் எனக்கு ஆள் அனுப்புவார்கள். நான் ஓய்வு பெற்று வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருப்பவன். கூப்பிட்டால் போய்விடுவேன். போன மாதம் அப்படிப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த இம்ரான் என்கிற பிள்ளை, தொட்டிக் கொட்டகையின் வாசலில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க தாத்தா, இன்னாத்துக்கு வாசல்லயே நின்னுக்கினு கீறீங்க? உள்ள ஃபேன் போட்டுக் கீது" என்றான்.

இங்கேயே நிற்கிறேன் என்றேன். அவன் விடவில்லை. இந்தத் தொட்டிகளுக்கு மேஸ்திரியாக இருந்தவர் இப்போது வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்றால், எங்கள் பேரில் ஏதாவது மனத்தாங்கலா என்று கேட்டான். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் எங்கள் நைனாவின் காலில் இருந்து தொடங்க வேண்டும். நின்ற இடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. நான் படித்தது ஆறாம் வகுப்பு. முனியப்பன் துணையிருக்க, முடிந்த மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வாணியம்பாடி. பாலாற்றங்கரையை ஒட்டி வரிசையாகத் தோல் ஷாப்புகள். ஷாப்புக்குப் பின்னால் தொழிலாளர் குடியிருக்கும் லைன். நீளமாக ஒரே ஓட்டுக் கூரை, அதன் கீழ் சுவர் வைத்துத் தடுத்த ஒற்றை அறை வீடுகள். கிழக்கே பார்த்தால் ஜவ்வாது மலை. எங்களுக்குச் சூரியன் அந்த மலையில் இருந்துதான் வரும், கடுக்காய் மூட்டையும் அங்கிருந்துதான் வரும். சின்ன வயதில் இரண்டையும் ஒரே ஆள்தான் அனுப்புகிறார் என்று நினைத்திருந்தேன்.

ஷாப்பின் வாடையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். நாங்கள் அதிலேயே பிறந்தவர்கள். உறவுக்காரர் கல்யாணத்துக்குச் செங்கம் போனபோது இரண்டு நாள் என் மூக்கு எதையோ தேடிக்கொண்டே இருந்தது. திரும்பி வரும்போது பஸ் பாலாற்றுப் பாலத்தைத் தொட்டதும்தான் அது என்னவென்று தெரிந்தது.

லைனில் யாருடைய அப்பா என்ன வேலை என்பதைக் காலைப் பார்த்தே சொல்லிவிடுவோம். சுண்ணாம்புத் தொட்டிக்காரர் கால் வெளுத்து, பாதம் வெடித்திருக்கும். பட்டைத் தொட்டிக்காரர் கால் முழங்காலுக்கு மேல் வரை செங்காவி நிறத்தில் இருக்கும். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாது. எங்கள் நைனா கோவிந்தனுக்குச் செங்காவிக் கால். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பட்டைத் தொட்டி வேலை என்றால் நம்பிக்கையான ஆளுக்குத்தான் கொடுப்பார்கள். லைனில் வீடும் அந்த வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும்.

எங்களுக்கு விளையாட்டுச் சாமானும் ஷாப்பில் இருந்துதான். ஆட்டு மயிரை ஈரத்தில் உருட்டி உருட்டிப் பந்து செய்வோம். கடுக்காயில் கோலி ஆடுவோம். பள்ளிக்கூடத்துக்கு மை கூட நாங்களே செய்வோம். ஊற வைத்த கடுக்காய்த் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்தால் காலையில் நல்ல கறுப்பு மை. வாத்தியார் எங்கள் லைன் பிள்ளைகளின் நோட்டை மோந்து பார்த்தே பிரித்து வைப்பார். திட்டுவார்தான். ஆனால் அவருடைய மைக்கூடு காலியானால் எங்களிடம்தான் நீட்டுவார்.

அந்த மைதான் ஷாப்பில் பெரிய எதிரி. வேலை முறையைக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். ஆட்டுத் தோலை முதலில் சுண்ணாம்பில் போட்டு மயிரும் சவ்வும் எடுப்பார்கள். அந்தப் பக்கம் கத்தி உண்டு, இரும்பு வாளி உண்டு, யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பிறகு தோல் பட்டைத் தொட்டிக்கு வரும். ஆவாரம் பட்டையை இடித்து ஊற வைத்த தண்ணீர், கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். ஆள் உள்ளே இறங்கி நின்று, தோலை ஒவ்வொன்றாகத் தூக்கி, பிரித்து, மறுபடி அடுக்க வேண்டும். முதலில் லேசான தண்ணீர், நாள் போகப் போகக் கெட்டித் தண்ணீர், கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். அங்கே இரும்பு ஆகாது. வாளி பித்தளை, கழி மூங்கில், அடிக்கிற ஆணிகூட மரத்தில் செதுக்கியது. பட்டைத் தண்ணீரில் ஊறிய தோலில் இரும்பு பட்டால் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குச் செய்த அதே மை தோலில் ஏறிவிடும். சீமைக்குப் போகிற தோலில் அப்படி ஒரு கறை இருந்தால் விலை போகாது.

இதற்கெல்லாம் மேஸ்திரி ஜப்பார் பாய். வெள்ளை லுங்கி, முண்டா பனியன், தோளில் ஒரு துண்டு. அந்த வேலையில் இருந்துகொண்டு அவர் எப்படி வெள்ளையாகவே இருந்தார் என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. குரலை உயர்த்தவே மாட்டார். பிரியமாக இருந்தால் "வாடா, போடா". கோபம் வந்துவிட்டால் "வாங்க, போங்க". அவர் ஒரு ஆளைப் பார்த்து "நீங்க" என்று சொன்னால் தொட்டிக்குள் நிற்பவர்கள் எல்லாம் குனிந்துகொள்வார்கள். பின்னாளில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இடுப்பில் வீட்டுச் சாவியோடு உள்ளே போய்விட்டேன். "வாங்க தம்பி, சாவியோட வந்துகிறீங்களா? எந்தப் பொட்டியத் தொறக்கப் போறீங்க?" என்றார். அதோடு என் பயிற்சிக் காலத்தில் பாதி முடிந்தது என்று சொல்லலாம்.

தண்ணீர் எவ்வளவு கெட்டி என்று பார்க்க ஜப்பார் பாய்க்கு நாக்குதான் கருவி. விரலை நனைத்து நாக்கு நுனியில் வைப்பார், கண்ணை மூடுவார், துப்புவார். "பத்தல" என்பார், அல்லது "போதும்" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் ரம்ஜான் மாதத்தில் நோன்பு. பகலில் நாக்கில் ஒரு சொட்டு படக்கூடாது என்பது அவருடைய கட்டுப்பாடு. துப்பிவிட்டால் பரவாயில்லை என்று மற்ற பாய்மார்கள் சொன்னாலும் அவர் கேட்கவில்லை. அந்த மாதம் முழுவதும் எங்கள் நைனாதான் ருசி பார்ப்பார். நைனா விரலை நாக்கில் வைக்க, ஜப்பார் பாய் நைனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். முகச் சுளிப்பின் அளவை வைத்தே அவருக்குத் தெரிந்துவிடும் என்று லைனில் சொல்லிச் சிரிப்பார்கள். சாயங்காலம் நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுக்குத் தனிச் சட்டியில் வரும். "நாக்குக்குக் கூலி" என்று சொல்லித் தருவார்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நைனாவுக்குப் பெரிய காய்ச்சல் வந்தது. ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றினார். பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனோம், மாரியம்மனுக்கும் கூழ் ஊற்றினோம். அப்போது கடுக்காய் கொண்டு வருகிற மலைக்காரர்கள் அம்மாவிடம் சொன்னார்கள், மேலே எங்கள் ஊர் முனியப்பனிடம் கேட்டுப்பாரு என்று. அம்மா பெயர் பச்சையம்மா. அவள் எதைச் செய்தாலும் முழுசாகச் செய்வாள். இருந்த இடத்தில் இருந்தே மலையைப் பார்த்துக் கும்பிட்டு, மனுஷன் எழுந்து நடந்தால் உன் இரும்பை அவர் காலில் ஒரு வருஷம் போட்டு வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். காய்ச்சல் இறங்கியது. ஆடியில் மலை ஏறிப் போய், பழைய சூலத்தை உருக்கி அடித்த ஒரு காப்பை வாங்கி வந்து நைனாவின் வலது காலில் போட்டாள். வாய் திறந்த காப்பு, விரல் தடிமன். அடுத்த ஆடி வரைக்கும் கழற்றக்கூடாது.

உடம்பு தேறும் வரை நைனாவைச் சுண்ணாம்புப் பக்கம் லேசான வேலைக்குப் போட்டிருந்தார்கள். அங்கே காப்பால் ஒரு தொந்தரவும் இல்லை. தை மாதம் ரம்ஜான் வந்தது. ஜப்பார் பாய்க்கு நாக்கு வேண்டும். நைனாவைத் தொட்டிக்குத் திரும்பக் கூப்பிட்டார். நைனாவுக்கு இரண்டு பக்கமும் பயம். கழற்றினால் காய்ச்சல் திரும்பி வரும் என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு அவள் அழுததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. காப்பின் மேல் மெழுகுத் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, சின்னக் காயம் என்று கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டு, தொட்டியில் இறங்கிவிட்டார்.

நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் நைனாவுக்குக் கூழ் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அன்று போனபோது கொட்டகையில் யாரும் வேலை செய்யவில்லை. தொட்டியில் இருந்து எடுத்த தோல்களை மரக்கட்டையின் மேல் போட்டிருந்தார்கள். தோலில் அங்கங்கே கறுப்பாக, வளைந்து வளைந்து, நகக்கீறல் போலக் கறை. ஜப்பார் பாய் ஒரு தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"பிறையைப் பார்த்துத்தான் நோன்பு வெச்சேன். இங்க பாரு, ஆண்டவன் தோலுக்குத் தோல் பிறை காட்டுறான்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் வாளிகளைக் கவிழ்த்துப் பார்த்தார். கழிகளைத் தடவிப் பார்த்தார். தொட்டியின் அடியில் கைவிட்டுத் துழாவச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக வந்து வாசல் கல்லின் மேல் காலைத் தூக்கி வைக்கச் சொன்னார். முதல் ஆள் வைப்பதற்கு முன்பே நைனா நடந்து போய்த் தன் வலது காலை வைத்துத் துணியை அவிழ்த்தார். துணியும் கறுப்பு, காப்பைச் சுற்றித் தோலும் கறுப்பு. செங்காவிக் காலில் மையால் கோடு போட்ட மாதிரி இருந்தது.

எல்லோரும் ஒன்றுக்காகக் காத்திருந்தோம். அவர் "நீங்க" என்று சொல்வாரா என்பதற்காக.

"இன்னா கோயிந்தா இது?" என்றார். நைனா மூச்சு விட்டார்.

"காப்பு, பாய். மலை முனிக்கு நேந்துகிட்டது. காய்ச்சல் வந்தப்போ."

"மெழுகு பட்டைத் தண்ணிக்கு நிக்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் பாய்."

"தெரிஞ்சி ஏன்டா கழட்டல?"

"பச்சை அழுவுறா பாய்."

ஜப்பார் பாய் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னதை நான் அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். "நோன்ப வுட்டுட்டு ருசி பாருன்னு எவனாவது என்னைச் சொன்னா நான் கேக்க மாட்டேன். அதனால கழட்டுன்னு உன்னைச் சொல்ல எனக்கு வாய் வர்ல. ஆனா அது கால்ல இருக்கிற வரைக்கும் இந்த வாசல நீ தாண்டக்கூடாது. போ, உன் சாமிகிட்ட நீயே பேசிட்டு வா. வெள்ளிக்கெழம ஜும்மா முடிச்சி மொதலாளி வருவாரு. அதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வோணும்."

பதில் இல்லை என்றால் தொட்டிக்கு வேறு ஆள். வேறு ஆள் என்றால் எங்கள் அறைக்கும் வேறு குடும்பம். அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் ஆலங்காயம் போய் இறங்கினோம். அங்கிருந்து நடைதான். அப்போது காவலூர்ப் பக்கம் நல்ல ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். தை மாதக் குளிர். வழியெல்லாம் கடுக்காய் மரத்தடியில் மலைக்காரப் பெண்கள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கோலியெல்லாம் இப்படித்தான் மரத்தில் இருந்து விழுகிறது என்று அன்றுதான் பார்த்தேன். அம்மா ஒரே ஒரு தடவை, "காய்ச்சல்ல நீ பேசினது உனக்கு ஞாபகம் இல்ல, நான்தான் கேட்டுக்கினு இருந்தேன்" என்றாள். அவர் என்ன பேசினார் என்று அவள் கடைசி வரை சொல்லவில்லை.

முனியப்பன் கோயில் என்றால் கட்டடம் இல்லை. பெரிய பாறை, அதன் முன்னால் சூலங்கள், மேலே புளியமரம். பூசாரி சின்னையன் என்னைவிடப் பத்து வயதுதான் பெரியவன் போல இருந்தான். அவன் அப்பா காலமாகி அந்த வருஷம்தான் பூசை அவன் கைக்கு வந்திருந்தது. எங்கள் ஷாப்புக்கு அவனும் கடுக்காய் சுமந்து வருவான். நைனாவின் காலைப் பார்த்ததுமே, "அய்யோ, கடுக்காத் தண்ணியில இரும்போடவா எறங்கினீங்க?" என்றான். விளக்க வேண்டிய வேலை மிச்சமாயிற்று. ஆனால் காப்பை நடுவில் கழற்ற அவனுக்குத் தைரியம் வரவில்லை. அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார், நான் எப்படிச் சொல்வேன் என்று தலையைச் சொறிந்தான். அவன் சம்சாரம் பொன்னி சாமை புடைத்துக்கொண்டே சிரித்தாள். "சாமியக் கேக்கறதுக்கு முந்தி தெனமும் என்னைக் கேப்பாரு. இன்னிக்கி நேரா சாமியவே கேக்கட்டும், பூ போடச் சொல்லுங்க" என்றாள்.

பூ போடுவது எங்கள் பக்கமும் உண்டு. வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் பொட்டலமாகக் கட்டி, சாமி காலடியில் போட்டு, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. அங்கே சின்னப் பிள்ளை நான்தான். சின்னையன் நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் கட்டிப் போட்டான். காப்பைக் கழற்றலாமா என்று நைனா உரக்கக் கேட்டார். எங்கள் அறை, ஆட்டுமயிர்ப் பந்து, நோன்புக் கஞ்சிச் சட்டி எல்லாம் அந்த இரண்டு பொட்டலத்தில் ஒன்றில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முனியப்பா முனியப்பா என்று சொல்லிக்கொண்டே எடுத்தேன்.

பிரித்தால் சிவப்பு.

நைனா கோபப்படவில்லை. பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "செரி. குடுத்த உயிரு உன்னுது. செங்கல் சூளையில வேல கேட்டுக்கறேன்" என்றார். என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். நான் அப்போதுதான் அழ ஆரம்பித்தேன்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, சின்னையனைத் தாண்டிக்கொண்டு பாறைக்கு நேரே போய் நின்றாள். பக்கத்து வீட்டு ஆளிடம் நியாயம் கேட்பது போலக் கேட்டாள்.

"நேந்துகிட்டது யாரு? நானு. படுத்துக் கெடந்த மனுசன் வாயத் தொறந்து உன்னக் கேட்டாரா? வாக்கு என்னுது. அப்ப காப்பும் என் காலுக்கு வரட்டும். நான் ஆத்துல ஆட்டு மயிர் கழுவுறவ, எனக்கு இரும்பால ஒண்ணும் இல்ல. இதுக்கு இன்னா சொல்ற?"

சின்னையன் பதறிப்போனான். சாமியின் காப்பைப் பெண் பிள்ளை போட்டு இந்த மலையில் யாரும் பார்த்ததில்லை என்றான். மாதத்தில் தீட்டு நாள் வருமே, அப்போது என்ன செய்வது என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். பொன்னி முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த நாள்ல நான் இந்த மலைய வுட்டு எறங்கியா போறேன்? மலை பூராவும் அவனுதுதானே? நீ பூவக் கட்டு."

மறுபடி இரண்டு பொட்டலம். அம்மா கேட்ட கேள்வியில் இந்தத் தடவை எனக்கே தைரியம் வந்திருந்தது. பிரித்தேன். நந்தியாவட்டை, பனி ஈரத்தோடு, அப்படியே வெள்ளையாக இருந்தது. நான் எடுத்தேனா, முனியப்பன் எடுத்துக் கொடுத்தானா என்று என்னைக் கேட்டால், இத்தனை வயதிலும் இரண்டாவதுதான் என்பேன்.

காப்பின் வாயை விரித்து நைனாவின் காலில் இருந்து எடுத்து, அம்மாவின் வலது காலில் போட்டு, இடையில் மரத்துண்டு வைத்துக் கல்லால் தட்டித் தட்டிச் சுருக்கினான் சின்னையன். அது அவளுக்குக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. நடந்தால் கணுக்கால் எலும்பில் இடிக்கும்.

அன்று இரவு சாமைச் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்தார்கள். கிளம்பும்போது நைனா, கறை பட்ட தோலை எலுமிச்சை போட்டுத் தேய்த்தால் புதுக் கறை போகும், ஆனால் அவ்வளவு எலுமிச்சைக்கு எங்கே போவது என்று பேச்சுவாக்கில் சொன்னார். சின்னையன் சூலத்தில் தொங்கிய எலுமிச்சை மாலைகளையெல்லாம் கழற்றி ஒரு கோணியில் கட்டிக் கொடுத்தான். பொன்னி தோட்டத்து மரத்தில் இருந்து மடி நிறையப் பறித்து வந்து போட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஷாப்புக்கு வந்து சேர்ந்தோம். நைனா வாசல் கல்லில் காலை வைத்துக் காட்டினார். கறுப்புக் கோடு மட்டும் இருந்தது. ஜப்பார் பாய் அம்மாவின் காலைப் பார்த்தார். கோணியைப் பிரித்தார். நூலில் கோத்த எலுமிச்சையையும் அதில் ஒட்டியிருந்த குங்குமத்தையும் பார்த்தார்.

"சாமிக்குப் போட்டதா?"

"ஆமா பாய்."

அவர் ஒரு பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்தார். "நான் வாயிலயா போட்டுக்கப் போறேன்? தோலுக்குத்தானே. கொண்டா."

பிறகு நடந்த வேலை எங்கள் லைன் முழுக்கச் செய்த வேலை. அம்மா கொட்டகை வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்தாள். காப்போடு உள்ளே வரக்கூடாதல்லவா. அவளோடு மற்றப் பெண்களும் உட்கார்ந்து மூங்கில் சீவலால் பழத்தை அறுத்துப் பிழிந்தார்கள். நாங்கள் பிள்ளைகள் சாற்றுக் கிண்ணத்தை வாசலில் இருந்து உள்ளே கொண்டு போனோம். பிறையின் மேல் மட்டும் சாற்றைத் தேய்த்து, கறை கரைந்ததும் உடனே தண்ணீரில் அலச வேண்டும். அதிகம் நின்றால் தோல் கெட்டுவிடும். ஜப்பார் பாய் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ம்" என்றால் அடுத்தது. பழத்தின் வாசனை எல்லோருக்கும் வாயில் நீர் ஊற வைத்தது. காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடாத அவர் மட்டும் முகம் மாறாமல் நின்றார். பாங்கு சொன்னதும் கஞ்சி வந்தது. அன்று முதல் கிண்ணத்தை வாசற்படிக்கு வெளியே இருந்த அம்மாவிடம் அவரே கொண்டு போய்க் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். தோலைப் புரட்டிப் பார்த்தார். நைனா தொட்டிக்குள் நின்றுகொண்டிருந்தார். நான் வாசலில் இருந்தேன்.

"இரும்பு உள்ள வந்துடுச்சிங்க" என்றார் ஜப்பார் பாய். "கறைய எடுத்துட்டோம். போவாதத தனியா வெச்சிக்கீறேன், கறுப்புச் சாயத்துக்கு அனுப்பிடலாம்."

"யாரு கொண்டாந்தது?"

"வாசல்ல நின்னு பாக்க வேண்டியவன் நானு. பாக்கல. நாளையிலருந்து பாக்கறேன்."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நோன்புல தல சுத்துதா ஜப்பாரு?" என்று கேட்டுவிட்டு அடுத்த கொட்டகைக்குப் போய்விட்டார். நைனா தொட்டிக்குள் குனிந்து வெகுநேரம் ஒரே தோலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதல் ஜப்பார் பாய் வாசலில் நின்று ஒவ்வொருவர் காலையும் கல்லில் வைக்கச் சொல்லிப் பார்த்தார். முதலில் தன் காலை வைத்துக் காட்டுவார். நான் வளர்ந்து அங்கே வேலைக்குப் போனபோதும் அந்த வழக்கம் இருந்தது. அவருக்குப் பின் நைனா, நைனாவுக்குப் பின் நான். நோன்பு மாதங்களில் ஜப்பார் பாய்க்கு நானும் சில வருஷம் நாக்காக இருந்திருக்கிறேன், அது என் பாக்கியம். பட்டைக்குப் பதில் குரோம் வந்தது, டிரம் வந்தது, அதையும் கற்றுக்கொண்டேன். குறை சொல்ல மாட்டேன். என் பிள்ளைகள் படித்ததும் அந்தச் சம்பளத்தில்தான். அந்த ஓட்டு லைன் போய் எல்லோருக்கும் தனி வீடு வந்ததும் நல்லதுக்குத்தான்.

அந்த வருஷம் ஆடி வந்தபோது நைனா அம்மாவிடம், கெடு முடிந்துவிட்டதே, கழற்றிவிடலாமே என்றார். "இருக்கட்டும். பாரமாவா கீது?" என்றாள். அவ்வளவுதான். ஆற்றில் மயிர் கழுவும்போதும், என் கல்யாணத்தில் பட்டுப் புடவை கட்டியபோதும் அந்த இரும்பு அவள் காலில் இருந்தது. லைனில் இரும்புக்கால் பச்சையம்மா என்றே பெயர் ஆகிவிட்டது. நைனா எண்பது தாண்டி, ஒரு காய்ச்சலும் இல்லாமல், தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். அம்மா அதன் பின் நான்கு ஆடி இருந்தாள். குளிப்பாட்டும்போது காப்பை என் கையில் கொடுத்தார்கள். உள்பக்கம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது.

அப்போது நான் தொட்டி மேஸ்திரி. என்னால் அதைப் போட முடியாது. சாமி படத்துக்குக் கீழே வைத்து, நாள்தோறும் விளக்கு ஏற்றும்போது தொட்டுக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போவேன். ஓய்வு கொடுத்து எனக்கு மாலை போட்டு அனுப்பி வைத்த நாளுக்கு மறுநாள் காலையில், பட்டறைக்காரரிடம் கொண்டு போய் வாயை விரிக்கச் சொல்லி என் வலது காலில் போட்டுக்கொண்டேன். நடந்தால் கணுக்காலில் லேசாக இடிக்கிறது.

இம்ரானிடம் இவ்வளவும் சொல்லவில்லை. வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். தொட்டிக்காரப் பிள்ளை, இரும்பைக் கண்டதும் புரிந்துகொண்டான். உள்ளே போய்க் கொட்டாங்குச்சியில் பட்டைத் தண்ணீரை மொண்டு, சிந்தாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசற்படிக்கு வந்தான். நான் வெளியே நின்றபடி விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். துப்பினேன்.

"பத்தல" என்றேன். "இன்னும் ஒரு கூடை பட்டை போடு."